பராதீனம்

1

அந்நியமாதல் என்கிற சொல் நமது விமர்சனத்துக்குள் வந்து ஏறத்தாழ ஐம்பது வருஷங்களாகின்றன. எஸ். வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’ 1975இலும் ‘அந்நியமாதல்’ 1979இலும் வெளிவந்தபோது, சிறுபத்திரிகைகளில் ஏலியனேஷன் என்று தமிழ் லிபியில் எழுதப்பட்டு வந்த ஒரு கருத்துக்கு நிலையான தமிழ்ப் பெயர் கிடைத்தது. ஹெகல், மார்க்ஸ் என்று அதன் தத்துவப் பின்னணியோடுதான் அந்தச் சொல் இங்கு விரிவாக அறிமுகமாயிற்று. பின்னால் நடந்தது வேறு. இன்று ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் அந்நியமாதல் என்று வந்தால், கவிஞர் ஒரு நகரத்து அறையில் தனியாக இருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது, அவருக்கு யாரோடும் ஒட்டவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம். காரணத்தைச் சுட்ட வேண்டிய சொல் ஒரு மனநிலையின் பெயராகக் கரைந்துவிட்டது.

இது அகராதிக்காரர்களின் கவலை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் விமர்சனம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பது அதன் கையிலிருக்கும் சொற்களைப் பொறுத்தது. தனிமையைப் பற்றிய ஒரு கதையை வாசிக்கும்போது, இந்த மனிதனிடமிருந்து எது போயிற்று, யாரிடம் போயிற்று, எந்த ஏற்பாட்டின் பேரில் போயிற்று என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. நாம் வைத்திருக்கும் சொல் அந்தக் கேள்விகளை எழுப்புவதில்லை. ஆங்கிலச் சொல் எழுப்புகிறது. தமிழிலும் அவற்றை எழுப்பக்கூடிய சொல் ஒன்று இருக்கிறது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இலக்கியவாதிகள் அதிகம் போகாத இடங்களில் புழங்குவதால் அது நம் கண்ணில் படவில்லை.

2

முதலில் ஆங்கிலச் சொல். லத்தீனில் ‘பிறனுடைய’ என்று பொருள்படும் ஏலியனுஸ் என்பதிலிருந்து வந்தது. ரோமானியர் இதன் பெயர்ச்சொல்லை மூன்று தளங்களில் கையாண்டார்கள்: சொத்தை இன்னொருவருக்கு உரிமையாக்குதல், ஒருவர் மேலிருந்த பற்று விலகுதல், புத்தி பேதலித்தல். மூன்றும் ஆங்கிலத்துக்குக் கடந்து வந்தன. சட்டப் புத்தகத்தில் ஏலியனேஷன் என்றால் இன்றும் சொத்துரிமை மாற்றம். மனநோய் மருத்துவர்களை 19ஆம் நூற்றாண்டில் ஏலியனிஸ்ட் என்று அழைத்தார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில், தன் மனைவியின் அன்பை வேறொருவன் கவர்ந்துகொண்டான் என்று கணவன் தொடுக்கும் நஷ்டஈட்டு வழக்குக்கும் இந்தச் சொல்தான் பெயர். அங்கே அன்பும் கைமாறக்கூடிய ஓர் உடைமையாகக் கணக்கிடப்பட்டது. ரூஸோ 1762இல் எழுதிய ‘சமுதாய ஒப்பந்த’த்தில் இதன் பிரெஞ்சு வினையைக் கொடுத்தல் அல்லது விற்றல் என்றே விளக்கிவிட்டு, ஒரு மனிதன் தன் சுதந்திரத்தை அப்படிக் கொடுத்துவிட முடியுமா என்ற விசாரத்துக்குப் போகிறார். தத்துவத்துக்குள் இச்சொல் போனபோது கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் போயிற்று.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாக வைக்கப்படும் சொற்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் சாயல்கள் தெளிவாகும். எஸ்ட்ரேஞ்ச்மெண்ட் என்பதில் முன்பு ஓர் உறவு இருந்தாக வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்கிறோமே, அது. வழியில் பார்த்த ஒருவனோடு நமக்கு எஸ்ட்ரேஞ்ச்மெண்ட் ஏற்பட முடியாது. ஐஸொலேஷன் ஒரு ஸ்தூலமான நிலை: தனித்து வைக்கப்பட்டிருத்தல். அப்படி வைக்கப்பட்டவன் வருந்துகிறானா என்பதை அந்தச் சொல் சொல்லாது. லோன்லினெஸ் அந்த வருத்தத்தைச் சொல்லும். கூட்டத்தின் நடுவிலும் அது உண்டு. ஸாலிட்யூட் விரும்பி ஏற்ற தனிமை. நமது ஏகாந்தம் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. டிஸ்அஃபெக்‌ஷன் அரசியல் சாயல் கொண்டது. ஆள்வோரிடம் விசுவாசம் போய்விடுவது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவில் இருந்துகொண்டு வ.உ.சி.யையும் காந்தியையும் சிறைக்கு அனுப்பிய சொல் அது.

இவற்றில் எதுவும் செய்யாத ஒன்றை ஏலியனேஷன் செய்கிறது. ஒன்று என்னுடையதாக இருந்தது, அது என்னை விட்டுப் போயிற்று, போனது அழிந்துவிடவில்லை, இன்னொருவர் கையில் இருக்கிறது, அங்கிருந்து என்னை ஆள்கிறது என்ற முழுத் தொடரையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. மார்க்ஸுக்கு அது தேவைப்பட்டது இதனால்தான். 1844இல் எழுதப்பட்டு 1932இல் முழுதாக அச்சேறிய அவரது கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு ஜெர்மன் சொற்கள் அருகருகே வருகின்றன. ஒன்று தன்னிடமுள்ளதை வெளியே விட்டுவிடுதல். மற்றது விட்டது வேற்றாளாக எதிரே வந்து நிற்றல். 1959இல் மாஸ்கோவிலிருந்து வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மார்ட்டின் மில்லிகன் முதலாவதற்கு ஏலியனேஷனையும் இரண்டாவதற்கு எஸ்ட்ரேஞ்ச்மெண்டையும் பெரும்பாலும் பயன்படுத்தினார். முதலாவது ஒரு செயல், இரண்டாவது அதன் விளைவு. தமிழில் விமர்சனம் இந்தப் பிரிவினையைக் கைக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதில் விளைவு தங்கிவிட்டது, செயல் மறைந்துவிட்டது.

இதே குழப்பத்தின் இன்னொரு கிளை நாடகத்தில் காணப்படுகிறது. பிரெக்ட் தன் அரங்க உத்திக்கு வைத்த ஜெர்மன் பெயர், பழகிப் போனதை வினோதமாகத் தோன்றச் செய்தல் என்ற பொருளுடையது. அதை ஆங்கிலத்தில் ஏலியனேஷன் விளைவு என்று மொழிபெயர்த்தார்கள். அதைப் பின்பற்றித் தமிழிலும் அந்நியமாதல் என்று எழுதப்பட்டது. தெருக்கூத்தின் கட்டியங்காரனை பிரெக்டோடு ஒப்பிட்டவர்களும் இதே சொல்லைக் கையாண்டார்கள். ஆனால் பிரெக்டின் உத்தி, பார்வையாளன் மேடையில் கரைந்துபோகாமல் விலகி நின்று, இங்கே யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது. மார்க்ஸ் சொன்ன நிலைக்கு அது ஒரு சிகிச்சை. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரை எழுதி ஒரே அலமாரியில் வைத்துவிட்டோம்.

3

தமிழ்ச் சொல்லின் இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கில வினை செயப்படுபொருளை எதிர்பார்க்கிறது. ஒருவர் எதையாவது ஏலியனேட் செய்ய வேண்டும். பெயர்ச்சொல்லாக ஆன பின்னும் அந்த எதிர்பார்ப்பு அடியில் கிடக்கும். தமிழில் இப்படி இரு பக்கமும் பார்க்க முடியாது. அந்நியமாதல், அந்நியமாக்கல், அந்நியப்படுதல் என்று மூன்று வழிகளில் ஒன்றை நாம் தேர்ந்தாக வேண்டும். ‘ஆக்கல்’ என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்க வேண்டும். ‘படுதல்’ என்றால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து தாக்கியதாகவாவது தெரியும். அடிபடுதல், அகப்படுதல் போல. ‘ஆதல்’ என்பதில் இரண்டும் இல்லை. பழம் கனிகிறது, பால் தயிராகிறது, மனிதன் அந்நியமாகிறான். பருவம் வந்தால் தானே நிகழ்வது போன்ற ஒரு பாவனை அதில் ஏறிவிடுகிறது. நாம் தேர்ந்தது ‘ஆதல்’. தன்வினையாகச் சொன்னதும் செய்தவன் வாக்கியத்தை விட்டு வெளியேறிவிட்டான்.

அதற்குப் பின் அந்தச் சொல்லை யார் மேலும் ஒட்ட முடிந்தது. மௌனியின் மனிதர்கள் மேல் ஒட்டினோம், நகுலனின் நவீனன் மேல் ஒட்டினோம். மௌனியின் கதைகளில் இருப்பது கைமாறிப் போன ஒன்றின் துயரம்தானா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு கோடு அழிந்து போவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இந்த அனுபவத்துக்குத் தமிழில் மிகப் பழைய சொல் உண்டு. தொல்காப்பிய உரியியல் புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. இன்று அழுது அரற்றுவதைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் தனித்திருத்தலைக் குறித்தது. சங்கக் கவிதையில் அது மாலைப் பொழுதுக்கும் நெய்தல் நிலத்துக்கும் உரிய உணர்வாக வருகிறது. மௌனியை விளக்க மார்க்ஸ் வேண்டாம், புலம்பு போதும். நவீனனுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கலாம். இருவருக்கும் ஒரே சொல் என்றால் அது இருவரையும் விளக்கவில்லை என்று அர்த்தம்.

4

இனி, நான் முன்பு குறிப்பிட்ட தமிழ்ச் சொல். வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிறவன் என்ற முறையில், வீட்டுக் கடனுக்காகக் கொண்டுவரப்படும் மூலப் பத்திரங்களைப் புரட்டுவது என் அன்றாடக் காரியங்களில் ஒன்று. பழைய பத்திரங்களின் தமிழ் ஒரு தனி ஜாதி. பாத்தியதை, வில்லங்கம், அனுபவம், சுவாதீனம் என்று அதன் சொற்கள் இலக்கியத்தில் இல்லாத ஓர் உறுதியோடு நிற்கின்றன. அனுபவம் என்றால் இங்கே நிலத்தை ஆண்டு அனுபவிப்பது. விமர்சகர்கள் அனுபவம் என்று எழுதும்போது உள்ளே நடக்கும் ஒன்று. தான செட்டில்மெண்டுகளிலும் உயில்களிலும் அடிக்கடி ஒரு நிபந்தனை வரும்: சொத்தைப் பெறுகிறவர் தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ளலாம், ஆனால் எவ்விதப் பராதீனமும் செய்யக்கூடாது என்று. விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது என்று அர்த்தம். ஏலியனேஷனுக்கு நேரான தமிழ் இதுதான். சார்பதிவாளர் அலுவலகத்து எழுத்தர்கள் அதை எந்தத் தத்துவ சர்ச்சையும் இல்லாமல் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சொல்லைப் பிரித்தால் பர ஆதீனம்: பிறர் வசம். வடமொழியில் பிறரை அண்டியிருக்கும் நிலையைக் குறித்த சொல்லுக்குத் தமிழ்ப் பத்திர எழுத்து ‘செய்’ என்ற வினையைச் சேர்த்துப் பிறர் வசமாக்கும் செயலைக் குறிக்கவும் கற்றுக் கொடுத்தது. பராதீனம் செய்தல், பராதீனமாய் இருத்தல். செயலும் விளைவும் ஒரே வேரில், ஆனால் வினையால் வேறுபடுத்தப்பட்டு. மில்லிகன் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு செய்ததை இது ஒரே சொல்லில் செய்துவிடுகிறது.

இதன் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் இன்னொன்றும் துலங்கும். கிரயப் பத்திரத்தில் விற்பவர் சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டதாக எழுதித் தருகிறார். அதே பத்திரங்களில், எழுதிக் கொடுக்கிறவர் சித்த சுவாதீனத்தோடு எழுதிக் கொடுப்பதாகவும் வரும். மனநிலை பிறழ்ந்தவரை சித்த சுவாதீனம் இல்லாதவர் என்பது இன்றும் பேச்சு வழக்கு. ரோமானியர் ஒரே சொல்லில் நிலத்தையும் புத்தியையும் சேர்த்து வைத்தார்கள் என்றால், அதே இரண்டையும் நாமும் ஒரே சொல்லில்தான் சேர்த்து வைத்திருக்கிறோம். அவர்கள் இழத்தலின் பக்கம் நின்று சொன்னார்கள். நாம் வைத்திருத்தலின் பக்கம் நின்று சொல்கிறோம். நிலமும் மனமும் தன் வசத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரே மாதிரியான விஷயங்கள் என்ற அறிவு, எந்த ஐரோப்பியத் தத்துவமும் வருவதற்கு முன்பே இந்தச் சொல்லுக்குள் இருந்தது.

பெரியபுராணத்தில் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்படும் காட்சியை இந்தக் கோணத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. திருமணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, உன் பாட்டன் தன்னையும் தன் வழியினரையும் எனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்கிறார். மனிதரைப் பராதீனம் செய்யும் ஓலை. சுந்தரர் அவரைப் பித்தன் என்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு சபைக்குப் போகிறது, பாட்டனின் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது, தீர்ப்பாகிறது. சொத்துரிமை மாற்றம், புத்தி பேதலிப்பு என்று ரோமானியச் சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே பந்தலில் மோதுகின்றன. முடிவில் இன்னொருவருடையவனாக ஆவதுதான் பேறு என்று கதை சொல்கிறது. நமது பக்தி மரபு முழுவதிலும் ஆட்படுதல் ஓர் ஆனந்தம். தன்னைத் தன் வசம் வைத்திருப்பதே இங்கு நோயாகக் கருதப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து அந்நியமாதலை இறக்குமதி செய்தபோது, பிறர் வசமாவதை விடுதலை என்று பாடிய இந்த மரபோடு அது எப்படி உரசும் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது.

5

சொற்களை விட்டு அவை குறிக்கும் மண்ணுக்கு வருகிறேன். சிறுசேரி என்ற பெயரிலேயே ஒரு சொல்லின் சரித்திரம் இருக்கிறது. சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளும் சேரிகளே. அது பின்னால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குடியிருப்பு என்று சுருங்கிற்று. சுருக்கியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்லர்.

செங்கல்பட்டு ஜில்லாவில்தான் பராதீனம் என்ற சொல் ஒரு சமூகத்தைக் காக்கும் வேலியாகப் பயன்படுத்தப்பட்டது. 1891இல் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாததே அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். மறு வருஷம் சென்னை அரசாங்கத்தின் ஆணை பிறந்து, பஞ்சமி நிலங்கள் என்று நாம் சொல்லும் ஒப்படைகள் தொடங்கின. பத்து வருஷங்களுக்கு அந்த நிலத்தை யாருக்கும் பராதீனம் செய்யக்கூடாது, அதன் பின்னும் அவ்வகுப்பினருக்கு மட்டுமே செய்யலாம் என்பது நிபந்தனை. சாதாரணச் சட்டம் இதற்கு நேர் எதிரானது. 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, ஒருவருக்கு மாற்றிக் கொடுத்த சொத்தை அவர் மறுபடி மாற்றவே கூடாது என்று முழுத் தடை போட்டால் அந்தத் தடை பொதுவாகச் செல்லாது. விட்டுவிடும் உரிமை இருந்தால்தான் அது உரிமை என்பது அச்சட்டத்தின் மனோபாவம். பஞ்சமி நிபந்தனையோ, ஏழையின் கையில் விட்டுவிடும் உரிமை என்பது பறிகொடுக்கும் உரிமையே என்று கண்டுகொண்டது. இரண்டும் ஒரே அரசாங்கம் பத்து வருஷ இடைவெளியில் எழுதியவை.

இன்-ஏலியனபிள் என்ற ஆங்கில அடைமொழியின் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. 1776ஆம் வருஷத்து அமெரிக்கப் பிரகடனம் முதலாக உரிமைகளுக்கு முன்னால் அது வந்துகொண்டிருக்கிறது. நாம் அதைப் பறிக்க முடியாத உரிமை என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். மூலத்தில் இருப்பது பராதீனம் செய்ய முடியாத உரிமை. நானே விரும்பினாலும் விற்கவோ கொடுக்கவோ முடியாதது என்று அர்த்தம். பறிக்க முடியாதது என்றால் எதிரி வெளியில் மட்டும் இருக்கிறான். பராதீனம் செய்ய முடியாதது என்றால், கடனும் பசியும் என் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைக்கும் சந்தர்ப்பமும் கணக்கில் வந்துவிடுகிறது.

பஞ்சமி நிலங்களில் பெரும் பங்கு நிபந்தனையை மீறியே கைமாறிற்று என்பது ஊரறிந்த விஷயம். மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் அவற்றை மீட்க நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள அரசியல் செய்தி என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். ஏலியனேஷன் என்ற சொல்லின் முதல் அர்த்தத்துக்காக இந்தக் கடற்கரையில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டாம், மூன்றாம் அர்த்தங்களுக்காகத் தொகுதி தொகுதியாகக் கவிதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே சொல் என்பது விமர்சனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

6

இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியின் சிப்காட் பூங்கா நிற்கிறது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் நிறையக் கவிதை எழுதுகிறார்கள். கண்ணாடிக் கட்டடம், அடையாள அட்டை, இரவு நேர வேலை, ஊரில் தனியாக இருக்கும் அம்மா. இவற்றைப் படிக்கிறவர்கள் உடனே அந்நியமாதல் என்கிறார்கள். நான் ஒரு படி கீழே இறங்கச் சொல்கிறேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலையின் பொருட்டு ஊழியன் உருவாக்குவதன் முதல் உடைமையாளர் முதலாளி. கணினிக்கு அவன் எழுதும் நிரலும் இதில் அடங்கும். அவன் தன் படைப்பைப் பராதீனம் செய்வதில்லை. அது ஒரு கணமும் அவன் சுவாதீனத்தில் இருந்ததே இல்லை. பிறக்கும்போதே பிறர் வசம். அதே சாலையோரத்தில் நிலத்தை விற்ற விவசாயி செய்தது வேறு. அவனிடம் ஒன்று இருந்தது, அதை எழுதிக் கொடுத்தான், விலை வாங்கினான், பின்னால் அந்த இடத்துக்கு வாசலில் அனுமதி கேட்டு நுழைய வேண்டியவனானான். முன்னவன் பராதீனமாய் இருக்கிறான், பின்னவன் பராதீனம் செய்தான். இருவருடைய துயரத்தின் உள்ளமைப்பும் வேறு வேறு. நல்ல கவிதைக்கு இந்த வேறுபாடு தெரியும். தெரியாத கவிதையில் இருவருக்கும் ஒரே மழைதான் பெய்யும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு சில நூல்களுக்குத் திரும்பினால் வாசிப்பு மாறுகிறது. காம்யுவின் ‘அந்நியன்’ 1942இல் வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராக அதைத் தமிழாக்கி 1980இல் வெளிவந்தபோது, நம் தலைமுறைகளுக்கு அது அந்நியமாதலின் வேதமாயிற்று. பிரெஞ்சுத் தலைப்பு அயல்நாட்டான், வேற்றாள், வெளியாள் என்ற அனைத்தையும் உள்ளடக்கியது. நாம் மெர்ஸோவின் மனநிலையைப் பற்றியே பேசினோம். அவன் கடற்கரையில் சுட்டுக் கொல்லும் அராபியனுக்கு நாவலில் பெயரே இல்லை. 1830இலிருந்து பிரான்ஸ் வசமான அல்ஜீரியாவில் நிலத்தை இழந்த ஜனங்களில் ஒருவன் அவன். இந்தக் கடற்கரையில் அயல்நாட்டான் யார்? 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் அந்த அராபியனுக்கு மூஸா என்று பெயர் கொடுத்து, அவன் தம்பி பேசுவதாக ஒரு நாவலே எழுதினார். ஏலியனேஷனின் முதல் அர்த்தம் எழுபது வருஷம் கழித்து வந்து தன் பாகத்தைக் கேட்ட மாதிரி இருக்கிறது.

நம்மிடத்திலேயே சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ (1969) இருக்கிறது. அதில் மனம் வெதும்பும் நவீன மனிதன் எவனும் இல்லை. சிதம்பரம் காட்டை வாங்குகிறான், வெட்டுகிறான், எரிக்கிறான், ஆலை கட்டுகிறான். சுறுசுறுப்பானவன், காரியத்தில் கண்ணானவன். அந்நியமாதலைத் தேடிப் போன விமர்சனத்துக்கு அந்த நாவலில் பிடிபட ஒன்றும் இல்லை. வனம் எரிந்த பின் புளி கிடைக்காமல் போவதைப் பற்றி ஒரு கிழவி சொல்லும் குறையோடு நாவல் முடிகிறது. அங்கேதான் அந்தச் சொல்லின் முழு எடையும் இருக்கிறது. ஊரின் நாக்கிலிருந்து ஒரு ருசி எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவன் யார் என்று பெயரோடு தெரிகிறது, எப்படி என்று அத்தியாயம் அத்தியாயமாகத் தெரிகிறது. பூமணியின் ‘வெக்கை’யில் (1982) ஒரு குடும்பம் தன் நிலத்தைப் பராதீனம் செய்ய மறுக்கிறது. மறுத்ததற்கு மூத்த மகன் உயிர் போகிறது; பதிலுக்கு இளையவன் ஒரு கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் திரிகிறான். தனிமை அங்கேயும் உண்டு. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தத் தனிமையின் விலாசம் எழுதியிருக்கிறது.

நான் அந்நியமாதல் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பராதீனத்தை வைக்கச் சொல்லவில்லை. பத்திர வாடை அடிக்கும் ஒரு வடசொல்லைக் கவிதை பற்றிய பேச்சில் ஏற்றிவிட முடியும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஒரு சோதனையாக அதைப் பயன்படுத்தலாம். அந்நியமாதல் என்று எழுதியவுடன் அதை அடித்துவிட்டுப் பராதீனம் என்று போட்டுப் பார்க்க வேண்டும். வாக்கியம் உடனே கேட்கும்: எது, யாரிடமிருந்து, யாருக்கு, என்ன விலைக்கு, யார் சாட்சி. பதில் இருந்தால் அந்நியமாதலைத் திரும்ப எழுதலாம். அப்போது அதற்குப் பொருள் உண்டு. பதில் இல்லை என்றால் நாம் சொல்ல வந்தது வேறு ஒன்று. புலம்பு, ஏகாந்தம், பிணக்கு, சலிப்பு என்று அதற்கான சொல் தமிழில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும்.